விக்கின் உள்பக்கம்

இபாதான்,
ஹர்மட்டான் காற்றின் தூசி அடங்கிய வாரம்

அன்பு மகள் ரெமிலேகுனுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. நீயும் நலம் என்று போனில் திரும்பத் திரும்பச் சொல்கிறாய். மேலே கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ மறந்துவிட்டுப் போன சுருள்முடி விக்கை, நீ இருக்கும் லீட்ஸுக்கே திரும்பும் பாதிரியார் அடெகோயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சுத்தம் செய்து அனுப்பலாமென்று, காய்ந்திருக்கும்போதே சீப்பால் வாரிவிட்டேன். சுருளெல்லாம் பிரிந்து பஞ்சாக எழும்பி நின்றது. பயந்துபோய்ச் சலூன்காரி சிகிராத்திடம் ஓடினேன்.

"டீச்சரம்மா, இது விக்கா, அடிவாங்கின ஆட்டுக்குட்டியா? அன்னைக்கு எங்க காதைத் திருகினீங்க, இன்னைக்கு இதையுமா?" என்றாள். என் பழைய மாணவி அல்லவா, இப்போது பிரம்பு அவள் கையில்.

அவள் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். சுருள்முடியைக் காய்ந்தபடி வாரவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கண்டிஷனர் தடவி, விரலால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். கூட்டல் கணக்கை ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்குவதுபோல. உள்ளே இருக்கும் லேஸ் வலையில் முடியை முடிச்சிட்ட இடத்தில் கண்டிஷனர் படக்கூடாது, முடிச்சு வழுக்கி முடி உதிரும். பிழியாமல் துண்டில் வைத்து அமுக்கு. வெயிலில் போடாதே.

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். அமலாக் களி கிண்டும் பானையைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்து வராந்தா நிழலில் காயவிட்டேன். எதிர்வீட்டுப் பிசியின் அம்மா அந்தப் பக்கம் போனவள், "என்ன டீச்சர், தலையை மட்டும் காத்து வாங்க வெளிய உக்கார வெச்சிருக்கீங்க? உடம்பு சமையல்கட்டுல வேலை பாக்குதா?" என்றாள். நானும் சிரித்தேன்.

லேஸ் காயட்டுமென்று உள்பக்கத்தைத் திருப்பினேன். முழுவதும் பட்டுத்துணி வைத்துக் கையால் தைத்திருந்தது. இடதுகைக்காரியின் கோணல் தையல். உன் தையல் எனக்குத் தெரியாதா, மகளே.

சொந்த முடியைப் பின்னி அதன்மேல் விக் வைக்கிறவர்களுக்கு உள்ளே பட்டு எதற்கு? உன் அப்பாவின் கடைசி வருடத்தில், மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டிய பிறகு, தொப்பி பட்டாலே தலை எரிகிறது என்றார். அவருடைய தொப்பிகளுக்குள் நான் பட்டு வைத்துத் தைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நீ.

பண்டிகைக்கு முதல்நாள், என் முழங்காலுக்கிடையில் உட்காரு, தலை பின்னிவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். "எனக்கென்னம்மா ஆறு வயசா?" என்று நகர்ந்து போனாய். இங்கிலாந்துத் திமிர் என்று சிகிராத்திடம் குறைகூடச் சொன்னேன்.

வயிற்றுவலி வந்த பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகள் அழும். சில பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடும். இந்தமுறை நீ வீடு முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தாய். எனக்கு அது சந்தோஷமாகப் பட்டது.

உன் தையலைப் பிரித்துவிட்டேன். புதிதாகப் பட்டு வைத்திருக்கிறேன். அப்பாவின் தொப்பிகள் பெட்டியில்தான் இருக்கின்றன, அவற்றைத் தொடவில்லை. அந்தப் பட்டு உனக்கு வேண்டாம். என் கல்யாணத்தில் தலையில் கட்டிய பட்டுத்துணியிலிருந்து வெட்டினேன். நூல் முடிச்சுகளை வெளிப்பக்கம் போட்டிருக்கிறேன், தோலில் உறுத்தாது.

ஒவ்வொருமுறை கழற்றியதும் ஈரம் போக உலர்த்திவிட்டுப் பையில் வை. எரிச்சலாக இருக்கும் நாட்களில் தலையில் வைக்கவே வேண்டாம். வீட்டுக்குள் யாருக்காக?

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். வா என்று ஒரு சொல் சொல்லு. ஏன் மறைத்தாய் என்று கேட்க மாட்டேன். அழவும் மாட்டேன், அழுவதாக இருந்தால் விமானத்திலேயே முடித்துவிட்டு வருவேன். என் முழங்காலுக்கிடையில் நீ வந்து உட்கார்ந்தால் போதும். பின்னுவதற்கு எதுவும் இல்லாவிட்டால் என்ன, எண்ணெய் தடவிவிடுகிறேன்.

அவரவர் தலைதான் அவரவருக்குக் காவல்தெய்வம் என்று நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வாழ்த்துதான். இன்றைக்கு அதை எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. உன் தலை உன்னைக் காக்கட்டும், மகளே. உன் தலை உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

உன் பதிலுக்காக வாசலில் இருக்கும்,
அம்மா