இடுப்புப் பட்டைக்குள் ஒரு ஊசி

16 ஏப்ரல் 1968, செவ்வாய்

ஹாங்காங் சரக்கு எங்கள் ஆற்றோரக் கிடங்குக்கு வந்துவிட்டது. ஆண்களுக்கான காக்கி அரைக்கால் சட்டை, இங்கே சொல்கிற சிலுவார், நானூறு டஜன். எல்லாவற்றையும் சோதித்து, திரும்பக் கட்டி, சனிக்கிழமை சண்டக்கான் கப்பலில் ஏற்ற வேண்டும். பத்துக்கு ஒன்றை உருவி, இடுப்பளவு, தையல், பொத்தான், பையின் உள்துணி பார்ப்பது என் வேலை. கூட வேலை பார்க்கும் கதீஜா டஜன் டஜனாக அடுக்கி, அழுத்திக் கட்டுவாள்.

வீட்டில் அவர் வாய் திறப்பதில்லை. வெள்ளைக்காரன் கடற்படையைக் காலிசெய்துகொண்டு போகப்போகிறான் என்று ஜனவரியில் தெரிந்ததிலிருந்து இப்படித்தான். அவர் வேலை பார்க்கும் நேவல் பேஸில் ஆள்குறைப்புப் பட்டியல் ஒட்டப் போகிறார்களாம். கேட்டால், "பேர் வந்தா சொல்றேன், சும்மா இரு" என்கிறார்.

17 ஏப்ரல், புதன்

ஒரு சிலுவாரின் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்க்கும்போது விரலில் சுருக்கென்றது. பிரித்தேன். தையல் மிஷின் ஊசியின் ஒடிந்த முனை, அரை அங்குலம் இருக்கும். உள்ளே வைத்தே தைத்திருக்கிறார்கள்.

கிடங்குக் கணக்கரான கிராணி இராமசாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்துவிட்டார்.

"ஒண்ணுதானே?"

"பத்துல ஒண்ணுதான் சார் பாக்குறேன். மிச்சத்துல எத்தனை இருக்கோ."

"நாலாயிரத்து எண்ணூறு சிலுவாரையும் ஒண்ணொண்ணா தடவிக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா? கப்பல் நமக்காக நிக்காது லா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் துரைசாமி நேவல் பேஸ்லதானே இருக்காரு? அங்க ஆளை எடுக்குறாங்களாமே. ரெண்டு பேரும் வேலையில்லாம உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சோதனைத் தாளை என் முன்னால் நகர்த்தினார். 'குறை ஏதும் இல்லை.' அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

போட்டுவிட்டேன்.

18 ஏப்ரல், வியாழன்

காலை பத்து மணிக்குக் கதீஜா கத்தினாள். "அக்கா, என்னமோ குத்திடுச்சு!" கட்டுவதற்காக அடுக்கை உள்ளங்கையால் அழுத்தியிருக்கிறாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புள்ளி ரத்தம், அவ்வளவுதான். ஊசி வெளியே தெரியவில்லை. முழுசாக உள்ளே போய்விட்டது.

மத்தியானத்துக்குள் கை புடைத்துவிட்டது. லாரியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூட வரச்சொல்லி என் புடவையைப் பிடித்தாள். வேலை இருக்கிறது என்றேன்.

என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

19 ஏப்ரல், வெள்ளி

கதீஜா கையை அறுத்து ஊசியை எடுத்தார்களாம். இரண்டு விரல் மடங்கவில்லையாம். வலது கை. சண்டக்கான் பக்கம் காட்டில் மரம் வெட்டுகிற ஆளுக்கு இதே மாதிரி ஒன்று இடுப்பில் ஏறினால்? அங்கே ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல் போகணுமோ?

வீட்டில் அவரிடம் சொன்னேன். "ஒரு மாசம் பொறு லீலா. பட்டியல் வரட்டும். என் பேர் இல்லன்னா போய்ச் சொல்லு."

அவர் பயம் அவருக்கு. ஆனால் கப்பல் நாளைக்கு.

20 ஏப்ரல், சனி

தொங்கான் படகில் பாதிச் சரக்கு ஏறிவிட்டது. முதலாளி அறைக்கு மாடிப்படி ஏறினேன். இரண்டு தடவை திரும்பி இறங்கினேன். மூன்றாவது தடவை முதலாளியே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அஹமது கபீர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. "என்னம்மா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

இராமசாமியைக் கூப்பிட்டார்.

"எங்கிட்ட சொல்லவே இல்ல மொதலாளி. ஊசியைப் பாத்திருந்தா நான் விட்டிருப்பேனா?" என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்கூட இமைக்கவில்லை. நான் என்னத்தைக் காட்டுவேன்? ஊசி ஆற்றில் கிடக்கிறது.

முதலாளி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தெரிஞ்சே கையெழுத்துப் போட்டியா?"

"ஆமா மொதலாளி."

நேரே போய் ஜன்னலில் நின்று, சரக்கை இறக்கச் சொல்லிக் கத்தினார். அவர் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது.

22 ஏப்ரல், திங்கள்

எங்கள் சரக்கு இல்லாமலே கப்பல் போய்விட்டது. சுங்கை ரோட்டு ரேடியோக் கடையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தங்கள் வாங்கி வந்தார்கள். ஆறு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு சிலுவாராகத் தடவுகிறோம். யாரும் என்னோடு பேசவில்லை. காந்தம் 'டிக்' என்று ஒட்டும்போதெல்லாம் பட்டையைப் பிரித்து ஊசியை எடுக்கிறோம். சாயங்காலத்துக்குள் ஒன்பது.

25 ஏப்ரல், வியாழன்

மொத்தம் பதினேழு.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். "நீ சொன்னது நல்லதும்மா. ஆனா உன் கையெழுத்தை நம்பி நான் இனிமே எப்படிச் சரக்கு அனுப்புறது?" மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும். இராமசாமி நாற்காலியிலேயே இருக்கிறார்.

28 ஏப்ரல், ஞாயிறு

ஜாலான் புசார் பக்கம் கதீஜா வீட்டுக்குப் போனேன். சரக்கில் ஊசி இருப்பது முந்தின நாளே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எத்தனையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன் - அழுவாள், வெளியே போகச் சொல்வாள். கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா அழுத்தாம கட்டியிருப்பேன்" என்றாள். ஃபேரர் பார்க் வரை நடந்தே வந்தேன்.

14 மே, செவ்வாய்

பட்டியலில் அவர் பேர் வந்துவிட்டது.

7 ஜூலை, ஞாயிறு

கதவைத் திறந்தால் கதீஜா. உட்காரக்கூட இல்லை. கைக்கு நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாளாம்; அவள் கவனக்குறைவால்தான் கையில் குத்தியது என்று கம்பெனியிலிருந்து கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். இராமசாமி எழுதியது. லேபர் ஆபீசில் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை விசாரணை.

"நீங்க வரணும். கையெழுத்துப் போட்டதையும் சேத்துச் சொல்லணும்."

ஜூரோங்கில் புதுத் தையல் ஆலை ஒன்றில் சோதனை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அவர்கள் காதுக்கு இது போனால்? அவருக்கும் ஆகஸ்டோடு வேலை முடிகிறது. பொய்த்தாள் போட்டதற்குப் போலீஸ் வருமா? எதுவும் தெரியவில்லை.

வருகிறேன் என்றேன். அவள் போனபிறகு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

15 ஜூலை, திங்கள்

லேபர் ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னேன் - ஊசியைக் காட்டியது, அது ஆற்றுக்குப் போனது, என் கையெழுத்து, கூட வரச்சொல்லி அவள் என் புடவையைப் பிடித்தது வரை. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். இராமசாமி ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. முடிவைத் தபாலில் தெரிவிப்பார்களாம்.

நானும் கதீஜாவும் தேக்காவில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு அவள் குடை மடக்கவும் பையைப் பிடிக்கவும் ஒரு கையோடு திண்டாடினாள். மீன் பையை வாங்கிக்கொண்டேன். அவள் வாசலில் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"எங்க போறீங்க? உள்ள வாங்க. ஒத்தைக் கையால நான் எப்படி மீன் ஆயுறது?"

போனேன்.