விளிம்பு வரை தேநீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

எங்கள் மேஸ்திரி சபிர் பொய்யர். நம் பக்கத்து வீட்டு ஜோல்தோஷ் அண்ணன் குடித்ததாக எழுதி, அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். அண்ணியிடம் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

செவ்வாய்க்கிழமை காலை சபிர் நானும் அண்ணனும் தங்கும் தகரக் கொட்டகைக்கு வந்தார். அண்ணன் அவருக்குத் தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார்.

"அரைக் கிண்ணம் குடுத்தா மரியாதை. நெறச்சுக் குடுத்து என்னையே எழுந்து போகச் சொல்றியா? காலையிலயே குடிச்சியாடா?" என்று கத்தினார் சபிர்.

அண்ணன் சிரித்தார். "நீங்க யாருங்க?" என்று கேட்டார். தன் மகள் பெயரும் அவருக்கு நினைவில்லை.

"இது போதை இல்ல, கரி அடுப்புப் புகை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே போயிருப்பாரு" என்றார் வேலையிடத்து நர்ஸ். எங்கள் கொட்டகை அடுப்பின் புகைக்குழாய் ஒரு மாதமாக உடைந்து கிடக்கிறது. மதியத்துக்குள் அண்ணன் தெளிந்துவிட்டார்.

இப்போது நான் தனியாக, கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். காலையில் லேசான தலைவலி, அவ்வளவுதான். கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்பப் போகிறது, சீக்கிரம் முடிக்கிறேன்.

நேற்று சபிரிடம், "குழாயை எப்ப மாத்துவீங்க?" என்று கேட்டேன். தேநீருக்காகக் கிண்ணத்தை நீட்டினார். நான் முழுத் தெளிவோடு விளிம்பு வரை ஊற்றிவிட்டு, மறுபடி கேட்டேன்.

"எப்ப மாத்துவீங்க?"

எர்மெக்