குழந்தை மட்டும் பாக்கி

என் அன்புள்ள கோபக்காரிக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள் எல்லோரும் நலமா என்று வழக்கம்போல் ஒரு வரி எழுதிவிட்டுப் போக இந்தத் தடவை முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே.

போனில் நான் என்ன கேட்டாலும் "நல்லா இருக்கா, நல்லா இருக்கா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பக்கத்தில் மகள் படுத்திருக்கிறாள், அவள் காதில் விழும்படி எதையும் பேச முடியாது என்று புரிகிறது. அதனால்தான் நாளை அங்கே வருகிற உன் தங்கையிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி. பதிலையும் அவளிடமே எழுதிக் கொடுத்துவிடு.

வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பால் பொங்கி வழிந்தது, அடுப்பைத் துடைத்துவிட்டேன். நீ தண்ணீர் குடிக்கிற டம்ளரில் டர்பன்டைன் ஊற்றி பிரஷ் கழுவினேன் என்பதை உன் தங்கை வத்தி வைப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வேறு டம்ளர் வாங்கிக்கொள்ளலாம்.

நீ கிளம்பும்போது பாதியில் இருந்த படம் ஞாபகம் இருக்கிறதா? மாட்டுத் தொழுவம், நடுவில் குழந்தை இயேசு, சுற்றி மேய்ப்பர்கள். நானூறு வருஷத்துப் பழைய படத்தின் நகல். ஒரு மாதா கோயில் பீடத்துக்கு மேல் மாட்டுவதற்காக நம் முதலாளி ஒப்புக்கொண்டது. எதற்கெடுத்தாலும் அர்ஜண்ட், அர்ஜண்ட் என்று குதிப்பதால் நீ 'அர்ஜண்ட்' என்று பெயர் வைத்தாயே, அவரேதான். அந்தப் படத்தில் விளக்கும் கிடையாது, நிலாவும் கிடையாது. வெளிச்சம் முழுவதும் குழந்தையின் உடம்பிலிருந்துதான் வருகிறது. மாதாவின் கன்னம், கிழவனின் தாடி, ஆட்டின் காது எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் தெரிகின்றன. அதனால் குழந்தையை முதலில் தீட்டிவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்ற முகங்களுக்கு வெளிச்சம் போட வேண்டும்.

நான் முறையை மாற்றிவிட்டேன். மகளுக்கு நாள் நிறைவதற்கு முன்பே வலி வந்து நீ விழுந்தடித்து ஓடினாயே, அன்றிலிருந்து கை அந்த இடத்துக்குப் போகவில்லை. இருட்டைத் தீட்டினேன், மாட்டைத் தீட்டினேன், வைக்கோலை இழை இழையாகத் தீட்டினேன். மேய்ப்பர்களையும் முடித்துவிட்டேன். ஒருவனுக்கு உன் அண்ணன் மூக்கு வந்துவிட்டது. கழுதை என்னைப் போல் இருக்கிறது, அதனால் சண்டைக்கு வராதே. எல்லோரும் குனிந்து, முகமெல்லாம் வெளிச்சமாக, நடுவில் இருக்கிற வெறும் கேன்வாஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் அதைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து போய்த்தான் பிரஷ்ஷை எடுப்பேன்.

போன வாரம் முதலாளி வந்து சத்தம் போட்டார். "ஊரையே வரைஞ்சு வெச்சிருக்கீங்க, புள்ளைய எங்கே காணோம்?" என்றார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். பக்கத்திலேயே அச்சுப்படம் இருக்கிறது, கட்டம் போட்டு அளவெல்லாம் குறித்திருக்கிறேன். ஆனாலும் முடித்துவிட்டு எழுந்து பார்த்தால், அச்சுப்படத்தில் இருக்கிற கொழுகொழு குழந்தை இல்லை அது. கை கால் குச்சி குச்சியாக, தோல் சுருங்கி, நெற்றியில் நரம்பு தெரிய, மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாளே, அதே நம் பேத்தி. சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை.

முதலாளி கிட்டே வந்து பார்த்தார். "என்னங்க இது, குருவிக் குஞ்சு மாதிரி இருக்கு? கோயில்ல இதை யாரு கும்பிடுவாங்க? சுரண்டிட்டு ஒழுங்காப் போடுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. நம் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது, நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே தட்டைக் கத்தியை எடுத்துச் சுரண்டிவிட்டேன். முதலில் கால், அப்புறம் வயிறு, அப்புறம் முகம். கத்தியைத் துணியில் துடைக்கும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

அன்று சாயங்காலம் நீ போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை.

சகுனம், சாத்திரம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால், அதற்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்கிற ஆள் நான். ஆனால் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோப்புப் போட்டுப் போட்டுக் கையைக் கழுவினேன். அதற்கடுத்த நாள் கூப்பிட்டாய், போனில் சார்ஜ் இல்லை என்றாய், "நல்லா இருக்கா, நல்லா இருக்கா" என்றாய். பின்னால் மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சார்ஜர்கூடவா கிடைக்கவில்லை?

அதனால் நல்லா இருக்கா என்று மட்டும் எழுதாதே. தானாக மூச்சு விடுகிறாளா, இன்னும் குழாய் இருக்கிறதா? கண்ணைத் திறந்தாளா? பெட்டியில் இருக்கிற ஓட்டை வழியாக விரலை நீட்டினால் பிடிக்கிறாளா? மகள் எழுந்து போய் அவளைப் பார்த்தாளா, இல்லை பயந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாளா? இன்னும் பெயர் வைக்காமல் இருக்கிறீர்களே, ஏன்? எதுவாக இருந்தாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

இன்று காலை மறுபடி உட்கார்ந்து அவளைத் தீட்டிவிட்டேன். கொழுகொழு குழந்தையை இல்லை, அவளைத்தான். அதே குச்சிக் கை, அதே நரம்பு. வெள்ளையும் மஞ்சளும் கொஞ்சம் கூட்டி நெஞ்சில் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால், மேய்ப்பர்கள் முகத்தில் நான் ஏற்கனவே போட்டு வைத்திருந்த வெளிச்சமெல்லாம் சரியாக அவளிடமிருந்து வருகிறது. அவ்வளவு சின்ன உடம்பு, அத்தனை பேர் முகத்துக்கும் போதுகிறது. தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் முதலாளி வந்தார். இதை மாற்ற மாட்டேன், வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். "இது இப்படியே இருக்கட்டும். கோயிலுக்கு வேற ஒண்ணு போட்டுக்கலாம், அர்ஜண்ட் இல்லீங்க" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது என்றால் நீ நம்பமாட்டாய்.

ஆயில் பெயிண்ட் காய நாளாகும். அதுவரை தூசி விழாமல், யார் கையும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீயும் அங்கே அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகராதே. வேளைக்குச் சாப்பிடு. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள்.

பேத்தியிடம் தாத்தா சொன்னதாக ஒன்று சொல். இனிமேல் கத்தியைக் கையால் தொட மாட்டேன். அவளை மட்டும் இருக்கச் சொல்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்