தண்ணீர் குடிக்காதே என்றேன்

பாப்பா,

உன் படங்கு இன்று மறுபடியும் நனைந்து அடுப்படி ஆணியில் தொங்குகிறது. இடுப்பில் கட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் சீட்டில் தேயிலைக் கொழுந்துக் கறையும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அடிக்கிற வாடை வீடு முழுக்க நிற்கிறது. நீதான் வந்துவிட்டாயோ என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன். ஜெனி. உன் மகள் இன்றைக்கு முதல் நாள் மலைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

எனக்குக் கோர்வையாக எழுத வராது, உனக்குத் தெரியும். நீ போய் நாற்பது நாளாகியும் நான் அந்த டாக்டர் முன்னாலேயே நிற்கிறேன்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த மூன்றாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயது. மலையாளத்துக்காரர், எனக்காகத் தமிழில் பேசினார். இரண்டு கிட்னியும் போய்விட்டது, கல்லும் சீழும் பல வருஷமாக இருந்திருக்கிறது என்றார். "இவங்க வெள்ளமே குடிக்க மாட்டாங்களா? உங்க ஊர்ல வெள்ளத்துக்குக் கஷ்டமா?" தண்ணீரைத்தான் அவர் வெள்ளம் என்றார்.

எங்கள் ஊர் பேர் பள்ளிவாசல் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கரண்டுக்காகத் தண்ணீர் பெரிய பெரிய குழாயில் மலையிறங்குகிற ஊர். காரணம் எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரர் இறந்து, ஜெனியைத் தூக்கிக்கொண்டு நீ எஸ்டேட்டுக்கு வந்த வருஷம். முதல் நாள் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தாய். போத்தல் நிறைய நீராகாரம் கொண்டு வந்து குடித்தாய். பத்து மணிக்கு உனக்கு அடக்க முடியவில்லை. ஓடைப் பக்கம் இறங்கினாய். அங்கே மருந்தடிக்கிற ஆண்கள் நிற்க, இன்னும் கீழே போனாய். திரும்பி வந்தபோது தொடையில் இரண்டு அட்டை. அதற்குள் நாங்கள் நிரையை முடித்து மேலே ஏறிவிட்டோம். நிறுக்கும்போது உன் சாக்கு மட்டும் மெலிந்து கிடந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் நான் சொன்னேன்: "விடியக்காலை ஒரு கட்டஞ்சாயா குடி. பொறவு சாயந்தரம் வீட்டுக்கு வந்துதான் தண்ணி. நாங்க எல்லாரும் அப்படித்தான் இருக்கோம்."

"தாகம் எடுத்தா, யக்கா?"

"எச்சிய முழுங்கிக்க."

பத்தே நாளில் பழகிக்கொண்டாய். அதிகாரி சவுக்கு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கும்போது, தலை நிமிராமல் மெதுவாகச் சொல்வாய்: "அய்யாவுக்கு மலை பூராவும் கக்கூசு. நமக்கு மட்டும் மூணு மைல் தள்ளி." நிரை முழுக்கச் சிரிக்கும். சிரித்தால் அடக்க முடியாதே என்று உன்னைத் திட்டுவோம். என் தங்கச்சி மாதிரி இலை எடுக்க ஆளில்லை என்று நான்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்தக் கூடுதல் கொழுந்துக் காசில்தான் ஜெனி காலேஜ் போனாள்.

எரிச்சல் என்றாய், சூடு என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இடுப்பு வலி என்றாய், கடையில் வலி மாத்திரை வாங்கினோம். கால் வீங்கிப் பூட்ஸ் ஏறாத அன்றைக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நின்றேன். நீ கதவைச் சாத்திவிட்டு வந்தாய். "வேலைக்கு ஆகாதுன்னு எழுதிட்டா எஸ்டேட்டு லயத்து வீட்டைக் காலி பண்ணணும்க்கா. இவ படிப்பு முடியட்டும். ஒன்னரை வருசம்தானே."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, பாப்பா. அக்காவும் தங்கச்சியும் உட்கார்ந்து, உன் உயிரா ஓர் அறையும் அடுப்படியுமா என்று பார்த்து, அறைதான் என்று முடிவு செய்திருக்கிறோம். அழக்கூட இல்லை. எழுந்து போய்ச் சோறு வடித்தோம்.

உன்னை அடக்கம் பண்ணிய பிறகு, வேலைக்கு வர ஆள் உண்டா, இல்லையென்றால் வீட்டை விடணும் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். எனக்கும் இந்த வருஷம் ரிட்டையர்மெண்ட், என் வீடும் போய்விடும். ஜெனி படிப்பைப் பாதியில் விட்டுக் கையெழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்ல வாய் வரவில்லை. அவள் கையெழுத்தில் எனக்கும் ஒரு கூரை இருந்தது.

இன்று காலை பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவள் பையில் வைத்தேன். குடிப்பேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன். சாயந்தரம் பாட்டில் நிறைந்தபடியே வந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. என்னை மறந்து கத்திவிட்டேன். அவள் வாசலில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: "குடிச்சா எங்க போறது பெரியம்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. உதடு வெடித்திருந்தது.

நாளை விடிந்ததும் அவள் மறுபடி கிளம்புவாள். உனக்குச் சொன்ன இந்த வாயால் அவளுக்கு நான் என்ன சொல்லி அனுப்பட்டும், பாப்பா?