புளி படாத சங்குக் காசு

அண்ணனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அப்பா சேர்த்த பழைய காசுகளைப் பங்கு வைத்தபோது, சங்கு முத்திரை போட்ட செப்புக் காசுகளை நீ எடுத்துக்கொண்டு தேய்ந்தவற்றை என் பக்கம் தள்ளினாய். "உன் மூணாறு ஈரத்துல எல்லாம் களிம்பேறிப் போகும்லே" என்று சிரிக்கவும் செய்தாய்.

இன்று காலை டப்பாவைத் திறந்தேன். மழைக்காலம் முழுதும் கடந்தும் ஒரு காசில்கூடப் பச்சை இல்லை! பிளாஸ்டிக் உறைகளை எறிந்துவிட்டு, தனித்தனிக் காகித உறைகளில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக மூடியிருந்தேன். அவ்வளவுதான். துள்ளிக் குதித்தேன், பார்க்கத்தான் வீட்டில் ஆளில்லை.

உடனே உன் மகள் ரிஞ்சுவைப் போனில் கூப்பிட்டுப் பெருமையடித்தேன். "எங்க காசும் பளபளன்னு ஆயிரும் சித்தப்பா! கிறிஸ்துமஸுக்கு விளக்கோட சேர்த்து அம்மா புளி போட்டுத் தேய்க்கப் போறாங்க" என்றாள்.

நான் சொன்னால் மதினி கேட்கமாட்டார்; நீதான் தடுக்க வேண்டும். தேய்த்தால் சங்கே அழிந்துவிடும். அந்தச் சங்கின் மேல் நம் இருவர் விரலையும் வைத்துக் காட்டினாரே அப்பா!

உறையில் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே கிழிப்பாய். அதனால் அனுப்புநர் பெயர் போடாமல் தபாலில் சேர்க்கிறேன். இதுவரை படித்துவிட்டாயென்றால், சங்கு தப்பித்தது.