சூரியன் முதுகுக்குப் பின்னால்

யான்பு, சவூதி, லேபர் கேம்ப்
வெள்ளிக்கிழமை மதியம்

அன்புள்ள சீதாலட்சுமிக்கு,

உன் கார்மேகம் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியைப் படிக்காமல் அழ உட்கார்ந்துவிடுவாய். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் காகிதம் இது. எங்கள் ரூமில் எல்லார் போனையும் செவ்வாய்க்கிழமை செக்யூரிட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து ரூம்காரர்கள் எங்களைக் கண்டால் தங்கள் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு நடக்கிறார்கள். மெஸ்ஸில் சமைக்கும் சதக்கத்துல்லா பாய் இன்று லீவில் கிளம்புகிறார். நாளை சாயங்காலம் பரமக்குடி வந்து இதை உன் கையில் கொடுப்பார்.

போன வெள்ளிக்கிழமை என் ரூம் பாண்டித்துரையைப் படம் எடுத்தேனே, எல்லாம் அதில் வந்ததுதான். அவனுக்குப் பேசி வைத்திருக்கும் நாகவள்ளி வீட்டில் மாப்பிள்ளையின் நல்ல படம் கேட்டார்கள் என்று அந்தப் பயல் என் உயிரை வாங்கினான். நீதான் ஸ்டுடியோவில் கல்யாண அவுட்டோர் எடுக்கிறவளாயிற்றே, உன்னிடம் கேட்டேன். கடற்கரையில் நான் நிற்க, நீ அங்கிருந்து வாய்ஸ் மெசேஜில் பாடம் நடத்தினாய்.

நீ சொன்ன எதையும் நான் விடவில்லை. லென்ஸில் படிந்திருந்த உப்பையும் தூசியையும் துடைத்தேன். ஐந்து மணிக்கு மேல் வெயில் மஞ்சளாகும் வரை காத்திருந்தேன். ஜூம் பண்ணாதே, நடந்து கிட்டே போ என்றாய், போனேன். கை ஆடாமலிருக்க முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். திரையில் அவன் முகத்தைத் தொட்டு வெளிச்சம் வைத்தேன். அவனுக்குப் பின்னால் கடல் இருக்கும்படி இருபது படம் எடுத்து அனுப்பினேன். முதல் படத்தில் கடல் கோடு அவன் கழுத்தை அறுத்துக்கொண்டு போனது. மற்றதில் எல்லாம் முகம் தோசைக்கல் போல இருந்தது. எதிர் வெயிலில் எடுத்தால் மூஞ்சி எப்படித் தெரியும், சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று திட்டினாய். நான் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். அவன் நாங்கள் வேலை பார்க்கும் எண்ணெய் ஆலைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொள் என்றும் நீ சொல்லியிருந்தாய். பார்த்தேன் சீதா. பார்க்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆலைக் கோபுரம் தெரிந்தது, அதற்குச் சாரம் கட்டியது நானும் அவனும். நாலு மாசம் பெல்ட்டில் தொங்கினோம். பெண் வீட்டார் பார்க்கட்டும் என்று ரெண்டு எட்டு பின்னால் போய் அதையும் சேர்த்து எடுத்தேன். ஆலையை வெளியே நின்றும் படம் எடுக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. ஆறு வருஷமாக அந்தப் போர்டைத் தாண்டித்தான் டூட்டிக்குப் போகிறேன். அன்றைக்கு அது எனக்கு ஆலையாகத் தெரியவில்லை, நாங்கள் பார்த்த வேலையாகத்தான் தெரிந்தது.

படம் அவ்வளவு நன்றாக வந்துவிட்டது, அதுதான் வினை. அந்த ஒரு படத்தை மட்டும் அவன் வாங்கித் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை கேட்டில் செக்யூரிட்டிக்காரர் கண்ணில் அது பட்டது. அங்கேயே பிடித்து வைத்துவிட்டார்கள். யார் எடுத்தது என்று கேட்டதற்குக் கூட்டாளி என்றானாம், பேரைச் சொல்லவில்லை.

அதைக் கேட்டதும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன். எல்லாப் படத்தையும் அழிச்சிரு, எதுவும் கேட்காதே என்று உனக்கு அனுப்பினேன். என் போனிலும் அழித்தேன். உன் பதில் வருவதற்குள் போனை வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து முகிலன் சார் கேம்புக்கு வந்தார். சென்னைக்காரர், நல்ல மனுஷன். ஒரு படம் மட்டும் இருப்பதால் இவன் ஆலையைத்தான் எடுக்கப் போனான் என்று நினைக்கிறார்கள், எடுத்த ஆள் யார், அன்றைக்கு வேறு என்னென்ன எடுத்தார் என்று தெரிந்தால் பேசிப் பார்ப்பேன் என்றார். ஞாயிறு காலை அவனைப் போலீசில் ஒப்படைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். போலீஸ் கேஸ் ஆனால் ஜெயிலா, ஒரேயடியாக ஊருக்கு அனுப்பும் எக்ஸிட்டா என்று யாருக்கும் தெரியாது, தை மாசக் கல்யாணம் அவ்வளவுதான். ரூமில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நம் ரெண்டு பிள்ளைகள் ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நேற்று சதக்கத்துல்லா பாய் அவனுக்குச் சாப்பாடு கொண்டு போனார். கார்மேகம் அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டானாம்.

சார் ஜித்தா போயிருக்கிறார், ஞாயிறு காலை வருவார். வந்ததும் நான்தான் எடுத்தேன் என்று சொல்லப் போகிறேன். என்னை அனுப்பினாலும் அனுப்புவார்கள், நீ மனசைத் தேற்றிக்கொள். ஆனால் என் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து யாரும் நம்ப மாட்டார்கள். கடலை வைத்து எடுத்த அந்த இருபது கருகல் படமும், திரும்பி நில் என்று நீ திட்டியதும், வந்த நேரத்தோடு வரிசையாக உன் போனில் இருந்தால், வெளிச்சத்துக்காகத்தான் திரும்பினோம் என்று அவர்களுக்கே புரியும். ஒன்றையும் வெட்டாதே, திருத்தாதே. சார் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு இங்கே காலை ஏழு மணிக்குள், உனக்கு ஒன்பதரைக்குள், அனுப்பிவிடு.

அழித்திருந்தால் உன்மேல் குற்றமில்லை, நான்தான் சொன்னேன். அப்போதும் சாரிடம் போய் நிற்பேன். ஆனால் அடுப்புக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணு என்றால் நாலு நாள் ஆக்குகிறவள் நீ. சொன்னதை என்றைக்கு உடனே செய்திருக்கிறாய் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். அத்தனைக்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமையும் நீ அப்படியே இருந்திருக்க வேண்டும் தாயே. என் பேச்சைக் கேட்காதவளாகவே நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கார்மேகம்