கட்டம் போட்ட கோட்டு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வாயாடி நாத்தனார் எழுதுவது. நலமா என்று கேட்டால், "நலமில்லாம என்ன?" என்று முறைப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. கடிதம் என்றால் பிரிக்காமல் இருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

தையல் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டான் அண்ணன். அலமாரியின் அடித்தட்டில் அந்த டார்ட்டன் துணி இருந்தது. சிவப்பும் கரும்பச்சையும் கட்டம் கட்டமாக, நடுவில் ஒரு மஞ்சள் கோடு ஓடுமே, அதேதான். எனக்கு நூலகத்தில் வேலை கிடைத்த அன்று, "உனக்கு ஒரு கோட்டு தைச்சுத் தரேன்" என்று வாங்கி வந்தீர்கள். என் அளவுகளை எழுதிய சீட்டுகூட மடிப்புக்குள்ளேயே இருக்கிறது.

இதை என்ன செய்ய? உங்களுக்கு அனுப்பட்டுமா, இல்லை நானே ஏதாவது தைக்கட்டுமா? நீங்கள் தைத்த கட்டச் சட்டையில் பை எங்கே இருக்கிறது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கோடு அப்படிச் சேர்ந்திருக்கும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த தைரியத்தில் கேட்கிறேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 11

வாயாடிக்கு,

துணி உன்னுடையது. நீயே தை. ஆனால் கோட்டு மட்டும் வேண்டாம். டார்ட்டன் பொல்லாத துணி. இரண்டு துண்டு சேரும் இடத்தில் கோடும் கோடும் நேராகச் சேர வேண்டும், நூலளவு தவறினாலும் எதிரே வருகிறவர் கண்ணில் பட்டுவிடும்.

குஷன் உறை தை, நாலே தையல். துணியைக் கோணலாகப் போட்டு வெட்டினால் கட்டம் வைரம் மாதிரி நிற்கும். நூலகத்துக்கு எடுத்துப்போக ஒரு பை தைக்கலாம், அடியில் கனத்த துணி கொடு. நீளமாக வெட்டிக் கரையில் இழைகளை உருவிவிட்டால் சால்வை ஆயிற்று, ஊசியே வேண்டாம். மீதியை எறியாதே. சதுரங்களாக வெட்டி, கட்டத் துணி ஒன்று, வெறும் துணி ஒன்று என்று மாற்றி மாற்றி இணைத்தால் ஒட்டுப்போர்வை. நடுவில் வெறும் துணி வந்துவிட்டால், கோடு சேர்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. இனி என்னை அண்ணி என்று எழுதாதே. விவாகரத்துப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்த வார்த்தையை நாளை அந்த வீட்டுக்கு வருகிறவளுக்கு வைத்துக்கொள். இங்கே தையல் கடையில் தைக்க வேண்டிய சீருடைகள் மலையாகக் கிடக்கின்றன. பதில் எழுத வேண்டாம்.

தையற்காரி

ஏப்ரல் 2

(என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாததால் இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.)

வேண்டாம் என்று நீங்கள் சொன்ன கோட்டைத்தான் தைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. கோடு சேர வேண்டும் என்று அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்தினேன், விரலெல்லாம் ஓட்டை. மேசை இழுப்பறையில் உங்கள் பழைய மஞ்சள் டேப் கிடைத்தது. அதை வைத்து உங்கள் சீட்டுப்படி மூன்று முறை அளந்துதான் வெட்டினேன். சத்தியமாக!

போட்டுப் பார்த்தால் முன்பக்கம் மூடவில்லை. கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. நான் குண்டாகிவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், கை எப்படி நீளும்?

எறிய மனம் வரவில்லை, கோட்டை உங்கள் சீட்டோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். திட்டுவதற்காகவாவது பதில் போடுங்கள். அண்ணனுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லை, சரி. எனக்கும் உங்களுக்கும் எப்போது ஒத்துப்போகாமல் போனது? பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் வாசல் வரை வந்து நின்றது நீங்கள்தான். கையெழுத்துப் போட்டது நீங்கள் இருவரும். என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள் இல்லாமல் எனக்கு இந்த வீடு வீடாகவே இல்லை.

வாயாடி

ஏப்ரல் 10

அன்புள்ள வாயாடிக்கு,

பார்சலை வெட்டும் மேசையில் வைத்துப் பிரித்தேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் வாய் திறந்து யாரையும் பாராட்டாதவர். உன் கோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா தைச்சது? மஞ்சள் கோடு தோள்ல ஏறி அந்தப் பக்கம் இறங்குது, எங்கயும் அறுபடல!" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

பிறகு அளந்தேன். எல்லாத் துண்டும் சரியாக இரண்டு அங்குலம் குறைவு. முதுகு, முன்பக்கம், கை, ஒன்று விடாமல். சிரித்துச் சிரித்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தப்பு உன் மேல் இல்லை. அந்த டேப்பின் நுனியில் எப்போதோ இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிவிட்டது. இரண்டு அங்குலம் வரைக்கும் கத்தரித்து எறிந்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டிலிருந்தே எண்ணிப் பழகிவிட்டது. நீ நுனியிலிருந்தே அளந்திருக்கிறாய், அளக்கிற அவசரத்தில் அங்கே என்ன எண் என்று யார் பார்க்கிறார்கள்? உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அதுவும் தப்புதான். உன் முகத்தைப் பார்த்தால் கிளம்ப முடியாது என்று பயந்தேன்.

நான் வேலைக்குப் போட்டுப் போவேனே, அந்தப் பச்சைக் கோட்டு முழங்கையில் கிழிந்து கிடந்தது. அதை வெட்டி, உன் கோட்டில் முதுகு நடுவில் ஒரு பட்டை, முன்பக்கத்துக்கு இரண்டு, கை நுனிகளுக்கு, கீழே சுற்றிலும் என்று பொருத்தியிருக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் யோசித்தது போல இருக்கிறது. இன்னும் தைக்கவில்லை, குண்டூசியில்தான் நிற்கிறது. ஆள் வந்து போட்டுப் பார்க்காமல் நான் தைப்பதில்லை.

ஞாயிறு காலை வா. சலவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டு. அந்த டேப்பையும் எடுத்து வா, கோபத்தில் எறிந்துவிடாதே. நுனி போனால் போகட்டும். இரண்டிலிருந்து எண்ண நம் இருவருக்கும் தெரியும்.

உன் அண்ணி